என்னவென்று தெரியாத குவியல்

துர்க்குவிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கினாள்
சைலா ஹிர்விமேகி.
நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு யூரோ,
வரி தனி.
எங்கள் அட்டை ஆலைக்கு
இன்ட்ராநெட் எப்படி இருக்கவேண்டுமென்று
எங்களுக்கே சொல்வதற்கு.

கெமியில் அன்று மைனஸ் இருபத்தாறு.
வாசலில் பூட்ஸைக் கழற்றியபடியே
முதல் கேள்வியை என்னிடம் கேட்டாள்:
"விடுப்பு விண்ணப்பம் எங்கே இருக்கிறது?"

சிரித்தேன்.
பதினொரு வருடமாக இங்கே இருப்பவனுக்குத்
தெரியாதா?
மனிதவளம், அதற்குள் படிவங்கள், அதற்குள் 2014,
அதற்குள் 'புதியது', அதற்குள் 'புதியது இறுதி'...
ஏழாவது கிளிக்கில் சிரிப்பு நின்றது.
"தூலிக்கியிடம் கேட்டால் அனுப்பிவிடுவாள்," என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
மே மாதத்தோடு தூலிக்கி ஓய்வுபெறுகிறாள் என்பதையும்
வேறு யாரிடமோ கேட்டு
அதன் கீழேயே எழுதிக்கொண்டாள்.

ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.
மூன்று வருடம் முன்பு, இதே அறையில்,
இதே திரைக்கு முன் நான் சொன்னதுதான்:
துறைவாரியாக அடுக்காதீர்கள்,
துறையின் பெயர் துறைக்கு மட்டும்தான் தெரியும்.
அன்று இயக்குநர் காபி எடுக்க எழுந்து போனார்.
உள்ளூர் மாடு விலைபோகாது;
அதுவே ரயிலேறி வந்தால்
குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்.

வியாழக்கிழமை, கூட்ட அறை வேண்டாமென்றாள்.
நள்ளிரவு ஒன்றரைக்கு, ஷிஃப்ட் இடைவேளையில்,
உணவுக்கூட மேசையில் பரப்பினாள்
அறுபத்து நான்கு அட்டைகளை.
ஒவ்வொன்றிலும் நான் திட்டமிட்ட ஒரு பக்கத்தின் பெயர்.
அட்டை எங்கள் ஆலையில் செய்தது,
வெட்டிக் கொடுத்தவனும் நான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கௌக்கோ வந்து உட்கார்ந்தார்,
பட்டாணி சூப்பைத் தள்ளிவைத்து.
"உங்களுக்குத் தோன்றுகிறபடி பிரியுங்கள்."
விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன்.
என் பக்கம் திரும்பாமலே
ஒரு விரலைத் தூக்கினாள் சைலா.

சம்பளம் ஒரு பக்கம்.
காயம், கசிவு, அவசர எண் ஒரு பக்கம்.
மூன்றாவதாக ஒரு குவியல்
உயர்ந்துகொண்டே போனது.
"இது?"
"இதெல்லாம் என்னவென்று எனக்குத் தெரியாது."
எண்ணினாள். நாற்பத்தொன்று.
'மதிப்புப் பாதை.' 'ஒருங்கிணைவு மையம்.' 'நமது பயணம்.'
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
நான் வைத்த பெயர்கள்.

"நீங்கள் எதைத் தேடுவீர்கள்?"
கௌக்கோ ஜன்னலைப் பார்த்தார்.
"காலை ஆறு பத்து பஸ்.
பனி கொட்டினால் வருமா வராதா என்று
எங்கேயும் போட்டிருக்காது.
போய் நின்றுதான் தெரிந்துகொள்வோம்."
இருபத்திரண்டு குளிர்காலம் நின்றிருக்கிறார்.
நான் காரில் வருகிறவன்.

இயக்குநரின் படமும் வாழ்த்துரையும்
முதல் பக்கத்தை விட்டு இறங்கட்டும் என்று
அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.
நாளை ஊர்போகிறவள் சொல்லலாம்.
வீட்டுக்கடன் உள்ளவன்
சொல்லிப் பார்க்கட்டும்.
அவளுக்குக் கொடுத்த காசில் பாதி
அந்தத் திரும்பும் டிக்கெட்டின் தைரியத்துக்கு என்று
அப்போதுதான் உறைத்தது.

தப்பும் சொன்னாள்:
சானா முன்பதிவு தேவையில்லை, எடுத்துவிடலாமாம்.
தெற்கத்திக்காரி. அதை மட்டும் நான் விடவில்லை.

அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில்
என் வாக்கியம் இருந்தது.
துறையின் பெயர் துறைக்கு மட்டும்தான் தெரியும்.
கீழே என் பெயர், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.
நாங்களே கண்டுபிடிக்க முடியாத எங்கள் தளத்தில்
அந்தக் கூட்டக் குறிப்பை
எங்கிருந்து தோண்டினாளோ.

இப்போது தளத்தைத் திறந்தால்
முதலில் ஒரே வரி:
6.10 வருகிறது.
சில நாள்: 6.10 இன்று இல்லை, டாக்ஸி ஆலை செலவில்.

கௌக்கோ அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை.
நேற்று உணவுக்கூடத்தில்
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டார்.